எட்டு இரண்டாம் பக்கங்கள்

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு மானக்கேடாக இருந்தாலும் எழுதுவேன். மற்றவர்களுக்கு மானக்கேடாக இருந்தால் இன்னும் விளக்கமாக எழுதுவேன்.

இது அப்பாவுக்குக் கச்சிராயபாளையத்து உரக்கடையில் கொடுத்த டைரி. எட்டு மாதமாகக் கேழ்வரகு மூட்டை மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியைப் பற்றிக் குறிப்பு போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு மாவுப்பூச்சி.

பிற்காலத்தில் யாராவது படித்தால் குழம்பக் கூடாது. எனவே: நான் மணிமொழி, பதினொன்றாம் வகுப்பு. ஊர் கல்வராயன் மலை மேல். அப்பா காத்தான், மரவள்ளி போடுகிறார். அம்மா பாவாயி, அப்பா போட்ட மரவள்ளியைப் பற்றிக் குறை சொல்கிறார். அக்கா ஜெயசுதா, நர்சு. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே போனில் ஜெர்மன் படித்தாள். இரண்டு வருடம் எங்கள் வீட்டில் ராத்திரியெல்லாம் யாரோ காறித் துப்புவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பலன் கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதினால் டைரி தாங்காது.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. இன்று மூன்று வேளையும் மிச்சக் கொழுக்கட்டை. மூன்றாவது வேளையில் சென்னை ஏஜென்சி ரம்யா மேடம் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெயசுதா, உன் பேப்பர் எல்லாம் அங்கே இருக்கற அரசாங்க ஆபீஸுக்கு ஃபேக்ஸ்ல போகணும். அடுத்த மாசம் இருபத்தாறுக்குள்ள முழுசா சேரலைன்னா, உன் இடம் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற பொண்ணுக்குப் போயிடும்."

"மெயில்ல அனுப்பலாமா மேடம்?"

"மெயிலை ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"வாட்ஸப்ல?"

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு, "ஃபேக்ஸை போன்லயே அனுப்பலாம். ஆப் பேரும் எங்க லாகினும் அனுப்பறேன். நீங்களே பண்ணிடுங்க. எனக்கு இன்னும் இருபது பொண்ணுங்க இருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

அப்பா கேட்டார்: "ஃபேக்ஸுன்னா இன்னா பாப்பா?"

நான் எழுந்து நின்று, "தொலைநகல்" என்றேன்.

"இன்னாது, தொலஞ்ச நகலா?" என்றார் அம்மா. "அனுப்பறதுக்கு முன்னாடியே தொலச்சிட்டீங்களாடி?"

அக்கா சிரித்துச் சிரித்துக் கொழுக்கட்டையில் புரையேறினாள். பிறகு வாய்விட்டு ஜெர்மன் படித்தாள். நான் எழுதுகிறேன். அம்மா உள்ளேயிருந்து வழக்கமான வசனத்தைச் சொல்கிறார்: "லைட்ட நிறுத்துங்கடி! கரண்ட்டு இன்னா உங்க மாமன் வூட்டுதா?"

எங்களுக்கு மாமனே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

வெள்ளிமலையில் ஜெராக்ஸ் கடை பச்சமுத்து அண்ணனிடம் போனோம். அவர் கடை போர்டில் "டைப்பிங், ஜெராக்ஸ், ஃபேக்ஸ்" என்று இருக்கிறது. அக்கா கண்ணில் நம்பிக்கை.

"அண்ணே, ஃபேக்ஸ் அனுப்பணும்."

அவர் எங்களை, கடையில் வந்து காண்டாமிருகம் கேட்டவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மெஷினு கீது. ஆனா அது இப்ப சாமி ஆயிடுச்சி."

உண்மைதான். மூலையில் ஃபேக்ஸ் மெஷின் இருந்தது. அதன் மேல் சிவப்புத் துணி விரித்து, ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். தாள் வெளியே வரும் பொந்தில் ஊதுபத்தி சொருகியிருந்தது.

"லைன் கட்டாயி எந்தக் காலம்! நீங்க போன்லயே அனுப்புங்க. ஆனா அசலை வச்சி வெளையாடாதீங்க. ஜெராக்ஸ் எடுத்துக்கினு போயி அதைப் போட்டோ புடிங்க" என்றார். நல்ல யோசனை. கவர் லெட்டர், பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, நர்சிங் சான்று, மதிப்பெண், பதிவுச் சான்று, ஜெர்மன் பரீட்சைச் சான்று, வேலை ஒப்பந்தம் — எட்டு தாள்.

கிளம்பும்போது மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டேன். பிள்ளையாருக்கா, மெஷினுக்கா என்று நானே தெளிவாக நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆப்பில் உள்ள வழிமுறைகளை நான் மொழிபெயர்த்து அட்டையில் எழுதி ஒட்டினேன்.

தாளைக் கறுப்பான, சமமான பரப்பில் வைக்கவும். நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். நிழல் விழக் கூடாது. கை ஆடக் கூடாது. பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றவும்.

எங்கள் வீட்டில் கறுப்பாகவும் சமமாகவும் எதுவும் இல்லை. அம்மி கறுப்பு, சமமில்லை. தரை சமம், சாணி மெழுகிய பச்சை. அப்போதுதான் கொடியில் கிடந்த அப்பாவின் சபரிமலை வேட்டி என் கண்ணில் பட்டது. மடிப்பு இல்லாத அழகான கறுப்பு.

"சாமி வேட்டிய கீழ போட்டா குத்தம்டி!" என்றார் அம்மா.

"கீழ போடல, கட்டில் மேல போடறோம்" என்றேன். அப்பா யோசித்து, "படிப்புக்குத்தான? ஐயப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று தீர்ப்பு சொன்னார்.

கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்தோம். அக்கா போனைப் பிடித்தாள். அவள் நிழல் விழுந்தது. அப்பா நிழலை மறைக்கக் குடையோடு வந்தார். இப்போது குடையின் நிழல் விழுந்தது. "குடைய மடக்குங்க" என்றோம். மடக்கினார். அவருடைய நிழல் விழுந்தது. அவரை உள்ளே போகச் சொன்னோம். கோபித்துக்கொண்டு போனார்.

பிறகு மூட்டம் இறங்கியது. மலையில் மூட்டம் இறங்கினால் நிழல் என்பதே கிடையாது. ஐந்து படம் அருமையாக வந்தது. ஆறாவதில் ஒரு கோழி பதிவுச் சான்றின் மேல் நடந்து போனது. அதை விரட்டியதில் அக்கா கை ஆடியது. பதிவுச் சான்றில் இப்போது கோழியின் கால் பதிவும் இருக்கிறது. வேறு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். பாஸ்போர்ட்டில் இருந்த அக்கா முகம் அடுப்புக்கரி ஆனது. ஊதா நிற ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் ஆவியாகிவிட்டது. ஒரு அரசாங்க முத்திரை இவ்வளவு சுலபமாக மறையும் என்று எனக்கு இதுவரை தெரியாது. கருமையைக் கூட்டினால் முத்திரை வருகிறது, அக்கா போய்விடுகிறாள். குறைத்தால் அக்கா வருகிறாள், அரசாங்கம் போய்விடுகிறது.

இரண்டு பேரும் ஒன்றாகத் தெரியும் ஓர் இடம், கருமையைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கோட்டில் இருக்கிறது. சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

பள்ளியிலிருந்து வருவதற்குள் அம்மா எட்டு ஜெராக்ஸுக்கும் மூலைக்கு மூலை குங்குமம் வைத்திருந்தார். குங்குமம் ஃபேக்ஸில் கறுப்பு. ஒப்பந்தத்தின் கையெழுத்து மேல் ஒரு பெரிய கம்பளிப்பூச்சி உட்கார்ந்திருக்கிறது.

"மஞ்ச வச்சிருந்தா தெரியாதில்ல?" என்றார் அம்மா. உண்மைதான், மஞ்சள் வெள்ளையாகிவிடும். ஆனால் அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 6, சனி

பச்சமுத்து அண்ணனிடம் புது ஜெராக்ஸ். எட்டு தாளும் சுத்தம். அம்மா பின்பக்கத்தில் மஞ்சள் வைத்துக்கொண்டார். சமாதான உடன்படிக்கை.

அப்பா மட்டும் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா இது, மொட்டையா கீது?"

"என்னப்பா மொட்டை?"

"பிள்ளையார் சுழி எங்க? ஒரு காயிதம் வூட்ட வுட்டுப் போவுதுன்னா தலையில பிள்ளையாரு குந்திக்கினு இருக்கணும். நான் உரக்கடை சீட்டுக்கே போட்டுத்தான் அனுப்பறேன்."

அவர் கேட்டது நியாயம். நானும் விடைத்தாளில் போடாமல் தொடங்குவதில்லை. வீட்டிலேயே என் கையெழுத்துதான் அழகு, அதனால் நானே எட்டு தாளின் உச்சியிலும் உ போட்டேன். அடிக்கோடு நேராக, சுழி உருண்டையாக, எட்டும் ஒரே அளவு. அச்சடித்தது போல இருக்கிறது என்று அக்காவே சொன்னாள். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் இருக்கிறது. உண்மை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அனுப்பிவிட்டோம்!

எங்கள் வீட்டில் போன் பேசத்தான் சிக்னல் உண்டு, நெட் கிடையாது. கீழே இறங்கும் ரோட்டில், கடுக்காய் மரத்து வளைவில்தான் நிற்கும். அதுவும் தடுப்புச் சுவரின் மேல் ஏறினால். குடும்பமாகப் போனோம். அக்கா சுவரின் மேல், அப்பா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டு. நடுவில் ஒரு மரவள்ளி லாரி எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "இன்னா, போராட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

ஒவ்வொரு தாளாகப் போனது. கடைசியில் பச்சை டிக். அக்கா சுவரிலிருந்து குதித்தாள்.

அம்மா கையிலிருந்த ஜெராக்ஸ் கட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பூடுச்சி பூடுச்சின்னு சொல்றீங்க. காயிதம் இங்கியே கீதே?"

நான் மின்னணுத் துடிப்புகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "ஒடம்பு இங்க கீது. ஆவி மட்டும் போவுது. அவ்ளோதான்."

இதைவிடச் சரியாக என் இயற்பியல் புத்தகம்கூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பதில் இல்லை. காலாண்டுப் பரீட்சை தொடங்கிவிட்டது. தமிழ் நன்றாக எழுதினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பதில் வந்தது. மெயிலில்! மெயிலைப் பார்க்க மாட்டார்களாம், மெயில் எழுதுவார்களாம். அக்கா எழுத்துக்கூட்டி மொழிபெயர்த்தாள்.

'தங்கள் எட்டு ஆவணங்களிலும் இரண்டாம் பக்கம் மட்டுமே வந்துள்ளது. முதல் பக்கங்கள் இன்றிப் பரிசீலிக்க இயலாது.'

எந்த முதல் பக்கம்? எல்லாமே ஒரே தாள்தானே? பிறப்புச் சான்றுக்கு ஏது இரண்டு பக்கம் — ஒரு முறைதானே பிறந்தாள்?

ரம்யா மேடத்துக்கு நாங்கள் அனுப்பிய படங்களைக் காட்டினோம். "எல்லாம் கரெக்டா தானே இருக்கு! அழகா பிள்ளையார் சுழிகூடப் போட்டிருக்கீங்க" என்றார். பிறகு யோசித்து, "ஒருவேளை பின்பக்கம் கேக்கறாங்களோ?" என்றார்.

அதுதான்! இரண்டு பக்கத்தில் அவர்களுக்கு ஒரு பக்கம் போயிருக்கிறது. அப்படியானால் போகாதது பின்பக்கம். அறிவியல் பூர்வமாக எனக்கு இது சரியாகப் பட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையிலேயே எட்டு சான்றின் பின்பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, படம் பிடித்து, வளைவில் ஏறி அனுப்பினோம். மதிப்பெண் சான்றின் பின்னால் பொடி எழுத்தில் விதிமுறைகள் இருந்தன. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. வெற்றுத் தாளாக இருந்தாலும் மொட்டையாகப் போகக் கூடாது என்று அப்பா சொன்னார். எட்டிலும் உ போட்டேன். இந்த முறை இன்னும் அழகாக.

செப்டம்பர் 20, சனி

ஜெர்மனியிலிருந்து மெயில். இந்தத் தடவை 'மதிப்பிற்குரிய' என்ற வார்த்தை இல்லை.

'மேலும் எட்டு இரண்டாம் பக்கங்கள் வந்துள்ளன. அவற்றில் ஏழு வெற்றுத் தாள்கள். வெற்றுத் தாளை ஏன் அனுப்புகிறீர்கள் என்று விளங்கவில்லை. செப்டம்பர் 26 மாலைக்குள் முதல் பக்கங்கள் வராவிட்டால் கோப்பு மூடப்படும்.'

ரம்யா மேடம் போனில் கத்தினார். கத்தலின் சாரம்: வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும் பொண்ணு உளுந்தூர்பேட்டைக்காரி. அவள் பேப்பர் எல்லாம் ரெடி.

உளுந்தூர்பேட்டையில் வீட்டுக்குள்ளேயே நெட் இருக்குமாம். எனக்கு அந்த அக்கா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம், அவள் என்ன செய்தாள்?

அக்கா ஜெர்மன் புத்தகத்தை எடுத்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு, கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். ஏழு மணிதான் இருக்கும். அம்மா சாமைச் சோறு போட்டு மூடிவைத்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. லைட் எரிந்துகொண்டே இருந்தது, அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா கேட்காமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்தானே வழிமுறையெல்லாம் எழுதி ஒட்டினேன். எதை விட்டேன்? நான்கு மூலை, நிழல், கருமை — எல்லாம் சரியாகத்தானே செய்தோம். இன்னா தான்டா வேணும் உங்களுக்கு?

செப்டம்பர் 23, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

இன்று கணக்குப் பரீட்சை. முதல் கேள்விக்கு விடை தெரியவில்லை. எனவே இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்க முடிவு செய்தேன். விடைத்தாளின் உச்சியில், எனக்கு வழக்கமான இடத்தில், உ போட்டேன். அதற்கு நேர் கீழே, கேள்வி எண் போட்டேன்: 2.

பார்த்தேன்.

மேலே உ. கீழே 2.

ஒரே அச்சு. இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருந்தன. எத்தனை வருடமாகப் போடுகிறேன், ஒரு நாளும் தெரிந்ததில்லை. நமக்கு உ என்றால் பிள்ளையார். ரம்யா மேடத்துக்கும் பிள்ளையார். பார்த்தவர் எல்லோரும் பிள்ளையாரைத்தான் பார்த்தோம். ஜெர்மன்காரருக்கு மட்டும் எங்கள் பிள்ளையார், இரண்டு!

"இன்னாத்துக்குப் பேயடிச்ச மாதிரி முழிக்கிற?" என்று பெரியம்மாள் டீச்சர் வந்து நின்றார்.

"டீச்சர், பிள்ளையார் விசா இல்லாம ஜெர்மனிக்குப் பதினாறு தடவ போயிட்டாரு" என்று சொல்ல வாய் வந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றேன்.

மீதிக் கணக்கை எப்படிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது. மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடினேன். இந்தப் பரீட்சை மதிப்பெண்ணைப் பற்றி இந்த டைரியில் எதிர்பார்க்க வேண்டாம்.

அன்றே, இரண்டாம் குறிப்பு

வீட்டில் விளக்கினேன். அக்கா என் நோட்டில் உவையும் 2ஐயும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே அழுதாள். அல்லது அழுதுகொண்டே சிரித்தாள். எது முதலில் என்று குறிக்கத் தவறிவிட்டேன்.

ஆப்பில் அழிப்பான் இருக்கிறது. பழைய படங்களைத் திறந்தேன். விரலால் தேய்த்தால் உ போய்விடும். முதல் தாளில் விரலை வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையார அழிக்கிறியா பாப்பா?"

"அப்பா, அவங்களுக்கு அது ரெண்டு!"

"அவங்களுக்கு இன்னாவோ இருக்கட்டும். நமக்கு அவரு பிள்ளையாரு. சுழி இல்லாம நான் அனுப்ப வுட மாட்டேன்."

"அப்படின்னா நான் போவவே வாணாமா?" என்றாள் அக்கா. கத்தினாள் என்று எழுதுவதுதான் உண்மை. "உனக்கு நான் போறது புடிக்கல, அதான!"

அப்பா கையை எடுத்தார். கொஞ்ச நேரம் கொடியில் தொங்கிய கறுப்பு வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிக்கலன்னா செவுத்துமேல ஏத்திவுட்டு உன் கால புடிச்சிக்கினு நின்னேனா? ஏரோப்ளேன்ல நான் கூட வர முடியுமா? உங்கம்மாதான் வர முடியுமா? அவராவது கூடப் போவட்டும்னுதான்..."

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்: "ஏன்டி, அங்க ரெண்டாவது காயிதமே கெடயாதா?"

"என்னம்மா?"

"எட்டு காயிதம் போவுதில்ல? அதுல ரெண்டாவதுன்னு ஒண்ணு இருக்குமில்ல? பிள்ளையாரு அதுல குந்தட்டும். மத்ததுக்கெல்லாம் நம்பர் போடு. அவங்க ரெண்டுன்னு படிச்சிக்கட்டும், உங்கப்பன் சாமின்னு கும்பிட்டுக்கட்டும். யாருக்கு இன்னா நட்டம்?"

நான் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். இதை என் அம்மா கிழங்கு உரித்துக்கொண்டே கண்டுபிடித்தார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பி யோசித்தார். "ரெண்டாவது எது?"

"பாஸ்போர்ட்டு" என்றாள் அக்கா.

"சரி. பாஸ்போர்ட்டு மேல இருந்தா நல்லதுதான்."

ஏழு தாளில் அவரை அழித்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழித்த இடத்தில் எண் போட்டேன். முதல் தாளில் 1. இரண்டாவதில், அக்கா முகத்துக்கு மேலே, நானே போட்ட அந்த அழகான உ. மூன்றாவதிலிருந்து 3, 4, 5.

செப்டம்பர் 24, புதன்

பரீட்சை இல்லாத நாள். மழை. நான்கு பேரும் ஒரு பிளாஸ்டிக் படுதாவுக்குள் வளைவுக்கு நடந்தோம். ஐந்தாம் தாளில் சிக்னல் போய்விட்டது. அம்மா வானத்தைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். (எந்த வார்த்தை என்பதை உண்மைக்கும் மரியாதைக்கும் நடுவே நின்று விட்டுவிடுகிறேன்.) சிக்னல் வந்துவிட்டது.

பச்சை டிக்.

செப்டம்பர் 26, வெள்ளி

பள்ளி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால், அக்கா கடுக்காய் மரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். காலையிலிருந்தே நிற்கிறாளாம். ஒன்றும் வரவில்லை. நானும் பையோடு நின்றேன். சாயங்காலம் ஆகிவிட்டது. நமக்குச் சாயங்காலம் என்றால் அவர்களுக்கு மதியம்தான், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொன்னேன். "உன் பூகோளத்தை நிறுத்துடி" என்றாள்.

அப்போது போன் கிணுகிணுத்தது. ஒரே வரி. அக்கா வாய்விட்டுப் படித்தாள். எங்கள் பக்கத்து வீட்டு நாய் தும்முவது போல இருந்தது.

"அப்படின்னா?"

"'முழுமையாகக் கிடைத்தது'."

ஓடினோம். அம்மாவிடம் சொன்னோம். "நான் சொன்னேன்ல" என்றார். அதையே இன்று எத்தனை தடவை சொன்னார் என்பதை எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்பா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அம்மா தனக்கும் ஒன்று உடைக்கச் சொன்னார்.

நவம்பர் 19, புதன்

விசா வந்துவிட்டது. பச்சமுத்து அண்ணன் ஃபேக்ஸ் மெஷினுக்கு மாலை போட்டிருக்கிறார். அவர் மெஷின் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் நான் சொல்லவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

டைரி டிசம்பரோடு முடிந்துவிட்டது. பின்னால் 'குறிப்புகள்' என்று விட்ட பக்கங்களில் எழுதுகிறேன். இங்கே பூச்சி இல்லை.

அக்கா போய்விட்டாள். ஏர்போர்ட்டில் அம்மா கட்டிக்கொடுத்த கேழ்வரகு மாவை ஓர் அதிகாரி முகர்ந்து பார்த்தார். அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவள் வரிசையில் திரும்பும் வரைக்கும் நின்றார். திரும்பிய பிறகும் நின்றார்.

ஜனவரி 9, வெள்ளி

கட்டிலில் அக்காவின் பாதியும் எனக்கு. ஃபேன் முழுதும் எனக்கு. லைட்டும் எனக்கு. எவ்வளவு நேரம் எரிந்தாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. இதைத்தான் இரண்டு வருடமாக ஆசைப்பட்டேன்.

ஜனவரி 21, புதன்

காலையில் வளைவில் பஸ் நின்றபோது அக்காவின் குரல் பதிவு வந்து விழுந்தது. வாட்ஸப்பில்தான். சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். கேட்டபடியே எழுதுகிறேன்:

"மணி, நேத்துதான் மொத தடவ என்ன தனியா டூட்டி நோட்டு எழுத வுட்டாங்க. எந்தத் தாத்தா மாத்திரை சாப்ட்டாரு, எந்தப் பாட்டி சாப்டாம பூந்தொட்டியில போட்டாங்க, எல்லாம் எழுதினேன். கைப்பழக்கத்துல மேல ஒரு உ போட்டுட்டேன்டி! ஹெட் நர்சு பாத்துட்டு, 'இது ரெண்டாம் பக்கமாச்சே, மொத பக்கம் எங்க'ன்னு கேட்டாங்க. 'எங்க வூட்ல கீது'ன்னு ஜெர்மன்ல சொல்லிட்டேன். அவங்க ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் ஒன்பது மணிக்கு ரூம் ரூமா போயி எல்லா லைட்டையும் நிறுத்தினேன். ஒரு தாத்தா மட்டும் படிச்சிக்கினே இருந்தாரு. அம்மா மாதிரி கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துச்சி. மாமன் வூட்டு கரண்ட்டுக்கு ஜெர்மன்ல வார்த்த தெரியல."

அப்பா, "அந்த மொத பக்கம் எடத்த இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். இன்னொரு தடவை என்றார். போட்டேன். பிறகு மரவள்ளிக் கொல்லைக்குப் பன்றி வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அம்மா பாத்திரம் கழுவினார். நான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே இருந்தேன். அப்போது, பல நாளுக்குப் பிறகு, உள்ளேயிருந்து பழைய குரல் வந்தது:

"லைட்ட நிறுத்துங்கடி! கரண்ட்டு இன்னா உங்க மாமன் வூட்டுதா?"

நிறுத்துங்கடி. பன்மை. இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன். இலக்கணப் பிழை.

நான் திருத்தவில்லை. லைட் நிறுத்தப்பட்டது.